சீகன்பால்கு என்னும் செருமானியக் குடிப்பெயர்: தோற்றமும் பொருளும் வழக்கும்

ஒரு மக்கட் கூட்டத்தின் பழைய வாழ்வை அறிதற்குக் கல்வெட்டும் செப்பேடும் துணைபுரிதல் போன்றே, அம்மக்கள் இட்டு வழங்கிய பெயர்களும் துணைபுரியும். கல்வெட்டு அரசனின் கொடையைக் கூறும். பெயரோ எழுத்தறியாத ஒரு தொழிலாளி எங்கு வாழ்ந்தான், என்ன செய்தான், அண்டை அயலார் அவனை எவ்வாறு அழைத்தனர் என்பவற்றைக் கூறும். ஆயினும் பெயர் தரும் சான்று எளிதில் திரிபுணர்ச்சிக்கு இடந்தருவது. ஒலி மாறும், பொருள் மறையும், மறைந்த இடத்தில் கற்பனை வந்து குடியேறும். ஆதலின் பெயராராய்ச்சியில் இறங்குவோர்க்கு ஆர்வத்தினும் அடக்கமே மிக வேண்டப்படும்.

இவ்வுண்மையை ஓர் அரிய செருமானியக் குடிப்பெயரைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். தமிழ் உரைநடை வரலாற்றையும் அச்சு வரலாற்றையும் பயில்வோர் அனைவரும் அறிந்த பெயர் அது. 1706ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கி, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழிற் பெயர்த்து 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சேற்றி, 1719 பிப்ரவரி 23ஆம் நாள் அவ்வூரிலேயே மறைந்த பார்த்தலோமேயு சீகன்பால்கு அப்பெயர்க்கு உரியவர். அவருடைய பணிகளைப் பற்றி நம் இலக்கிய வரலாறுகள் பேசுகின்றன. யாம் இங்குக் கருதுவது அவர் பணியை அன்று; அவர் தாங்கிய குடிப்பெயரையே.

1. பெயரின் ஒலியும் தமிழ் வடிவமும்

இப்பெயர் செருமன் மொழியில் ஒரே சொல்லாக எழுதப்படும் கூட்டுச்சொல். அதன் உறுப்புகள் இரண்டு: சீகென் என்பது முன்னது, பல்க் என்பது பின்னது. முதற்சொல்லின் முதல் ஒலி தகர மெய்யும் சகரமும் விரைந்து இணைந்தாற் போல்வது. அவ்வொலி தமிழில் இன்மையின் சகரமே அதற்கு ஈடாயிற்று. அதனை அடுத்த ஈகாரம் செருமனிலும் நெடிலே. உயிர்களுக்கு இடைப்பட்ட ககரம் தமிழில் இயல்பாகவே மெலிந்தொலித்தலின் அங்கும் இடர்ப்பாடு இல்லை. இனி, இரண்டாம் உறுப்பின் முதலிலுள்ள பகரம் மெல்லொலி உடையது. தமிழில் மொழிமுதற்கண் அவ்வொலி நில்லாது. ஆயினும் ‘அன்பு’, ‘நண்பு’ என்பவற்றிற் போல மெல்லின மெய்யை அடுத்து வருதலின் இக்கூட்டுச்சொல்லில் அஃது உரிய ஒலியையே பெற்றுவிடுகின்றது. ஆகவே, பெயரைப் பிரிக்காது ஒருசொல்லாக எழுதினால் தமிழ் எழுத்தே மூலவொலியைக் காக்கும். ‘சீகன்’ எனவும் ‘பால்கு’ எனவும் பிரித்தெழுதினால் அவ்வொலி கெடும்.

இறுதியிலுள்ள மெய் எழுத்தளவில் மெல்லொலிக் ககரம். பேச்சில் வல்லொலிக் ககரம். சொல்லிறுதியில் மெல்லொலி வல்லொலியாதல் செருமனின் விதி. இடைக்காலச் செருமனில் இச்சொல் வல்லெழுத்திட்டே எழுதப்பட்டது. பன்மையில் உயிர் வந்து சேர்ந்தவழி மெல்லெழுத்து மீண்டும் தோன்றியது. தமிழோ வல்லின மெய்யைச் சொல்லிறுதியில் ஏலாது. ஆதலின் உகரம் பெற்று, இடைத்தொடர்க் குற்றியலுகரமாகி, ‘கு’ என முடிந்தது. இவையெல்லாம் தமிழ் மரபிற்கு இயைந்தனவே.

இயையாதது ஒன்றுண்டு. பின்னுறுப்பின் அகரம் செருமனில் குறில். தமிழ் வழக்கில் அது நெடிலாகிவிட்டது. ‘சீகன்பல்கு’ என்பதே ஒலிக்கு நெருங்கிய வடிவம். எனினும் வழக்கூன்றிய வடிவத்தை இனி மாற்றுதல் பயனுடைத்தன்று. நெடிலினால் ஓர் இடர் நேர்தலை மட்டும் அறிதல் வேண்டும். ‘பால்’ என்னும் ஒலி தமிழ்ச் செவிக்கு உண்ணும் பாலையும், கிறித்தவப் பெயர் வழக்கிலுள்ள பாலையும் ஒருங்கே நினைவூட்டுவது. அதனால் ‘சீகன்’ இயற்பெயர் என்றும் ‘பால்கு’ குடிப்பெயர் என்றும் மயங்க இடமுண்டாகின்றது. இயற்பெயர் பார்த்தலோமேயு என்பதே. ‘தல்மாயின் மகன்’ எனப் பொருள்படும் அரமேயச் சொல் அது. அதனைத் தொடர்ந்து வருவது முழுவதும் ஒரே குடிப்பெயராம்.

2. செருமானியக் குடிப்பெயர் மரபு

செருமானியர் தொடக்கத்தில் ஒற்றைப்பெயரே தாங்கினர். மக்கட்டொகை பெருகி, நகரங்கள் வளர்ந்து, ஒரே பெயருடையார் பலர் ஓரூரில் வாழ நேர்ந்த காலத்து, ஒருவரை மற்றவரினின்றும் பிரித்தறிய அடைபெயர்கள் எழுந்தன. தெற்கிலும் மேற்கிலும் உள்ள நகரங்களில் 12ஆம் நூற்றாண்டளவில் தோன்றிய இவ்வழக்கம் பையப் பைய வடக்கும் கிழக்கும் பரவியது. தந்தையின் அடைபெயரே மகனுக்கும் தொடர்ந்தபோது, அடைபெயர் குடிப்பெயராயிற்று.

அக்குடிப்பெயர்களை அறிஞர் ஐவகைப்படுத்துவர்: முன்னோரின் இயற்பெயரால் வந்தவை, குடியிருந்த இடத்தால் வந்தவை, புறப்பட்டு வந்த நாட்டாலோ ஊராலோ வந்தவை, தொழிலாலோ பதவியாலோ வந்தவை, உடலமைப்பு, குணம், நிகழ்ச்சி முதலியன பற்றிய பட்டப்பெயர்களாய் வந்தவை என. இவற்றுட் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ்நாட்டிற் பணிபுரிந்தோர் பெயர்களே எடுத்துக்காட்டாக அமைதல் கருதத்தக்கது. வால்தர் என்பது முன்னோரின் இயற்பெயர். கிரூந்தலர் என்பது பள்ளத்தாக்கில் குடியிருந்தோன் என்னும் இடப்பெயர். சூல்சு என்பது ஊர்த்தலைமைப் பதவி பற்றியது. பாப்ரிசியுசு என்பது கொல்லனைக் குறிக்கும் இலத்தீன் வடிவம். சுவார்ட்சு என்பது கருமை குறித்த பட்டப்பெயர். போகிமிய நாட்டிலிருந்து வந்தோனைக் குறிக்கும் ‘போம்’ என்பது புறப்பட்ட நாட்டாற் பெற்ற பெயர்க்குச் சான்று.

நம் சங்கப் புலவர் பெயர்களிலும் இத்தகைய அடைகளைக் காண்கின்றோம். கொல்லன் அழிசி, மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் எனத் தொழிலும் ஊரும் பெயரொடு நின்றன. வேறுபாடு யாதெனின், தமிழில் அவை அவ்வப் புலவரைச் சுட்டி நின்றன. செருமனியிலோ அவ்வடை வழிவழியாகக் கடத்தப்பட்டு, தொழில் மாறிய பின்னரும் மாறாது உறைந்து நின்றது. இவ்வேறுபாடு நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது.

3. சீகெ: சொல்லும் நிலமும்

‘சீகெ’ என்பது பெண் வெள்ளாட்டையும், பொதுவாக வெள்ளாட்டினத்தையும் குறிக்கும் சொல். செம்மறிக்குச் ‘சாப்’ என்னும் வேறு சொல் உண்டு. பழைய உயர்செருமனில் ‘சிகா’ எனவும், இடைக்காலச் செருமனில் ‘சிகெ’ எனவும் இச்சொல் வழங்கிற்று. கூட்டுச்சொல்லில் ‘சீகென்’ என வரும் இறுதி, பழைய வேற்றுமை உருபின் எச்சம். இன்று அஃது இருசொல்லை இணைக்கும் இடைநிலையாகவே நிற்கின்றது. ‘ஆட்டின்தோல்’ என்புழி ‘இன்’ சாரியை நிற்கும் நிலையோடு அதனை ஒப்பிட்டுணரலாம்.

இச்சொல் செருமனி முழுவதற்கும் பண்டு பொதுவாக இருந்ததன்று. தெற்கு நிலங்களிலும் ஆல்ப்சு மலைநாடுகளிலும் வெள்ளாட்டைக் ‘கைசு’ என்பர். ஆங்கிலத்தில் வெள்ளாட்டைக் குறிக்கும் ‘கோட்டு’ என்னும் சொல் அதற்கு இனமானது. ‘சீகெ’ என்பது நடுச்செருமனிக்கும் கிழக்குக்கும் உரிய சொல்லாய் இருந்து, மார்ட்டின் லூதரின் விவிலிய மொழிபெயர்ப்பு நாடெங்கும் பரவியபின் பொதுமொழிச் சொல்லாக ஓங்கியது. அம்மொழிபெயர்ப்பு முழுமையாக வெளிவந்த ஆண்டு 1534. குடிப்பெயர்களோ அதற்கு முன்னரே பெரிதும் நிலைபெற்றுவிட்டன. ஆதலின், ஒரு பழங்குடிப்பெயரில் ‘சீகெ’ என்னும் சொல் காணப்படின், அப்பெயர் அச்சொல் இயல்பாக வழங்கிய நடு, கிழக்கு நிலங்களிற் பிறந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும். தெற்கிற் பிறந்திருப்பின் அது ‘கைசு’ என்னும் முதலுறுப்பைப் பெற்றிருத்தல் வேண்டும்.

வரலாறும் இம்முடிவுக்கு அரண் செய்கின்றது. 1682 சூலை 10ஆம் நாள் பார்த்தலோமேயு சீகன்பால்கு பிறந்த புல்சுனிட்சு என்னும் ஊர், திரெசுதன் நகரின் வடகிழக்கே, மேல் லவுசிட்சு நிலத்தின் மேலை எல்லையில் உள்ளது. ஊரின் பெயரைத் தாங்கிய ஆறே மைசன் நாட்டிற்கும் மேல் லவுசிட்சிற்கும் பழைய எல்லையாய் விளங்கியது. போகிமிய முடியாட்சியின் கீழிருந்த அந்நிலம் 1635ஆம் ஆண்டு சாக்சனியின் வசமாயிற்று. செருமானியரும் சுலாவிய இனத்தவரான சோர்பியரும் கலந்து வாழும் நிலம் அது. சொல்லின் நிலமும் குடியின் நிலமும் இங்ஙனம் ஒத்தல் காண்க.

4. பல்க்: உரியும் துருத்தியும்

‘பல்க்’ என்பது விலங்கின் உடலினின்றும் உரித்தெடுத்த தோல். செருமனில் தோலைக் குறிக்கும் சொற்கள் பல. பெருவிலங்கின் தடித்த தோலை ஒரு சொல்லாலும், மயிரடர்ந்த தோலைப் பிறிதொரு சொல்லாலும் சுட்டுவர். கிழியாது பைபோல உரித்தெடுப்பதற்குப் ‘பல்க்’ என்பது சிறப்பாக உரியது. இதன் அடிப்படைக் கருத்து வீங்குதல், பருத்தல் என்பதாம். காதிக மொழியில் இதன் இனச்சொல் தோற்பையைக் குறித்தது. ஆங்கிலத்தில் வயிற்றையும் கொல்லன் துருத்தியையும் குறிக்கும் சொற்கள் இரண்டும் இவ்வேரினவே. செருமனிலும் ஊதுலைத் துருத்தி இச்சொல்லாலேயே வழங்கப்படும்.

தமிழிலும் ஒத்த நிலைகளைக் காணலாம். ‘அதள்’ என்பது தோலுக்குரிய பழஞ்சொல். ‘உரி’ என்பது உரித்தல் தொழிலாற் பெயர் பெற்றது. ‘துருத்தி’ என்பதோ கொல்லன் உலைத்துருத்தியையும், நீர் கொள்ளும் தோற்பையையும், காற்றடைத்து ஒலிக்கும் இசைக்கருவியையும் ஒருங்கே குறிக்கும். ‘பல்க்’ என்னும் சொல்லின் பொருட்பரப்பைத் தமிழில் ஒரே சொல்லாற் காட்டுக எனின், ‘துருத்தி’ என்பதனினும் நெருங்கிய சொல் பிறிதில்லை.

‘பல்க்’ என்பதற்கு அடங்காப் பிள்ளை என்னும் ஏசற்பொருளும் இன்று உண்டு. அது கொண்டு இக்குடிப்பெயரை ‘ஆட்டுக்குட்டி’ என்றோ வசைப்பெயர் என்றோ கூறத் துணிதல் கூடாது. அப்பொருள் பிற்காலத்தே வேரூன்றியது. குடிப்பெயர்கள் உருப்பெற்ற காலத்துச் சொல் எப்பொருளில் நின்றதோ அப்பொருளே பெயர்க்குக் கொள்ளப்படுதல் வேண்டும். ஒரு நூற்றாண்டின் பெயர்க்கு மற்றொரு நூற்றாண்டின் அகராதியை விரித்தல் காலவழு.

ஆகவே, சீகன்பால்கு என்பதன் சொற்பொருள் ‘வெள்ளாட்டுத் தோல்’ என்பதே.

5. தோல் எவ்வாறு ஆட்பெயராயிற்று?

தோலின் பெயர் ஓர் ஆளுக்கு ஆயது எவ்வாறு? தமிழிலக்கணம் இதனை விளக்கக் கருவி தந்துள்ளது. ‘பொற்றொடி’ என்பது பொன்னாலாய தொடியைக் குறியாது அதனை அணிந்தாளைக் குறிக்கும், அஃது அன்மொழித்தொகை. செருமனிலும் ‘ஆட்டுத்தாடி’, ‘ஆட்டுக்கால்’ எனப் பொருள்படும் குடிப்பெயர்கள் உள. அவை தாடியையும் காலையும் குறியாமல், அவற்றையுடையான் எனப்பட்ட ஒருவனைக் குறித்தன. ‘முயலின் உரி’ எனப் பொருள்படும் ஆசென்பல்க் என்னும் குடிப்பெயரும் உண்டு. ஆதலின் நம் பெயர் தனித்து நிற்பதன்று, ஓரினத்தைச் சார்ந்தது.

தொழில் செய்வோனை அவன் கையாளும் பொருளாற் குறித்தல் செருமானியர் வழக்கிற் பெரிதும் காணப்படும். ஆணி எனப் பொருள்படும் பெயர் ஆணி செய்யும் கொல்லனுக்கும், மிளகு எனப் பொருள்படும் பெயர் மிளகு வணிகனுக்கும் ஆயின. இவ்வாற்றான் வெள்ளாட்டுத் தோல் எனப்பட்டோன் அத்தோலைப் பதனிட்டோன், விற்றோன், அல்லது அதனாற் பொருள் செய்தோன் எனக் கொள்ளுதல் நேரிது. இடைக்கால நகரங்களில் தோல் பதனிடுவோர் இருபிரிவினர். மாட்டுத்தோலைக் கருவாலிப் பட்டையிற் பதனிட்டோர் ஒருசாரார். ஆட்டுத்தோல் முதலிய மெல்லிய தோல்களைப் படிகாரமிட்டு வெண்மையாகப் பதனிட்டோர் மற்றொருசாரார். இரண்டாம் சாரார்க்கு இப்பெயர் மிகவும் பொருந்தும். எழுதுதற்குரிய தோலேடு செய்வோரும் ஆட்டுத்தோலை நாடினர்.

மற்றொரு வழியும் எண்ணத்தக்கது. ஊதுலைக்கும் துருத்திக்குழலுக்கும் ஆட்டுத்தோலும் காற்றுப்பையாயிற்று. லவுசிட்சு நிலத்துச் சோர்பியர் தம் துருத்திக்குழலைக் ‘கோசொல்’, அஃதாவது ‘ஆட்டுக்கடா’, என்றே அழைப்பர். அந்நிலத்தில் அத்தகைய குழலிசைப்போன் ஒருவன் ‘ஆட்டுத்துருத்தி’ எனப் பட்டம் பெற்றிருத்தலும் கூடும். எனினும் தோல் பதனிடுதல் ஊர்தோறும் நிகழ்ந்த அன்றாடத் தொழில். குழலிசை அத்துணைப் பரவிய தொழிலன்று. ஆதலின் முற்கூறிய பொருளே வலியுடைத்து. பிற்கூறியது இயலக்கூடியது என்ற அளவில் நிற்பது.

6. ஒலியொப்புமை உறவாகாது

இனிக் கூறப்போவது தமிழ் ஆராய்ச்சியாளர் சிறப்பாகக் கருதத்தக்கது. ‘பல்க்’ என்பதன் வேர்ப்பொருள் வீங்குதல், பருத்தல் என்றோம். தமிழில் ‘பல்கு’ என்னும் வினைக்குப் பெருகுதல், மிகுதல் என்பன பொருள். ஒலியும் ஒத்தது, பொருளும் ஒத்தது. இவ்விரண்டையும் கண்ட அளவில், செருமானியச் சொல்லுக்குத் தமிழே தாய் என எழுதத் துணிவோர் இருத்தல் கூடும்.

அவ்வாறு துணிதற்கு முன் சொற்களைப் பகுத்து நோக்குதல் வேண்டும். தமிழில் ‘பல்’ என்பதே அடி. பல, பலர், பன்மை, பல்லோர் என்பன அதன் கிளைகள். ‘கு’ என்பது வினையாக்க ஈறு. அருகு, பெருகு, குறுகு என்பவற்றிலும் அதனைக் காணலாம். செருமானியச் சொல்லிலோ இறுதி மெய் ஈறு அன்று. அஃது அடியின் உறுப்பே. காதிகம், பழைய நோர்சு, ஐரிசு ஆகிய இனமொழிகளிலும் அம்மெய் நீங்காது நிற்றலே அதற்குச் சான்று. மேலும் அடிப்படைப் பொருளும் வேறு: தமிழ்ச்சொல்லின் கருத்து எண்ணிக்கை மிகுதல், செருமானியச் சொல்லின் கருத்து காற்றாலோ உள்ளீட்டாலோ பருத்தல். முதலெழுத்தும் இந்தோ-ஐரோப்பியத்தில் மூச்சொலியுடைய வேறோர் ஒலியினின்று வந்தது. உறுப்பு உறுப்பாக நோக்குங்கால் ஒப்புமை தேய்ந்து ஒழிகின்றது. எஞ்சுவது தற்செயல்.

இதற்கு நம் நிலத்திலேயே ஒரு பாடம் உண்டு. காவிரிக்கரையிலுள்ள குத்தாலத்தின் பழம்பெயர் திருத்துருத்தி. உலைத்துருத்தி கொண்டு அவ்வூர்ப்பெயரை விளக்கப் புகின் நகைப்பிற்கிடமாகும். ஆற்றிடைக்குறை என்னும் பொருளுடைய வேறொரு ‘துருத்தி’யே அங்கு நிற்பது. ஒருமொழிக்குள்ளேயே ஒலியொப்புமை இவ்வாறு வழிதவறச் செய்யுமாயின், இருமொழிகளிடையே அதனை நம்புதல் எங்ஙனம்?

செருமனிலும் அத்தகைய பொறி உண்டு. ‘சீக்ளர்’ என்பது பரவலாக வழங்கும் குடிப்பெயர். முதற்பகுதி ஒத்திருத்தலின் அதனை ஆடு மேய்ப்போன் எனக் கருதலாகாது. அது செங்கல், ஓடு ஆகியவற்றைக் குறிக்கும் ‘சீகல்’ என்னும் சொல்லடியாகப் பிறந்தது. அச்சொல்லோ ஓட்டைக் குறிக்கும் ‘தேகுலா’ என்னும் இலத்தீன் சொல்லின் திரிபு. ஓடு செய்வோனே சீக்ளர். ஆட்டுக்கும் அவனுக்கும் தொடர்பில்லை.

7. வழக்கின் அளவு

குடிப்பெயர் எத்துணைப் பேர்க்கு உரியது என அறிதல் அதன் பிறப்பை அறிதற்குத் துணையாவது. செருமனியின் குடிப்பெயர் நிலப்படத் தொகுதி 2009 முதல் 2018 வரை பல மடலங்களாக வெளிவந்தது. 2005ஆம் ஆண்டின் தொலைபேசி இணைப்புப் பதிவே அதற்கு அடிப்படை. பின்னாளிற் பலர் நிலையிணைப்பைக் கைவிட்டமையின், அவ்வாண்டின் பதிவு ஆராய்ச்சிக்குப் பெருந்துணையாயிற்று. ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம் தனியார் இணைப்புகளில் ஏறத்தாழ 8½ இலட்சம் வெவ்வேறு பெயர்கள் காணப்பட்டன. ஒருபுறம் மாவரைப்போனைக் குறிக்கும் ‘முல்லர்’, கொல்லனைக் குறிக்கும் ‘சுமித்து’ போன்ற சில பெயர்கள் பேரளவில் நிற்க, மறுபுறம் மிகச் சிலரே தாங்கும் பெயர்கள் இலட்சக் கணக்கில் நிற்கின்றன. சீகன்பால்கு இவ்விரண்டாம் கூட்டத்தது.

இவ்வருமைக்குக் காரணம் யாது? ஆலை இல்லாத ஊர் இல்லை. ஆதலின் முல்லர் என்னும் பெயர் நூற்றுக்கணக்கான ஊர்களில் தனித்தனியே பிறந்தது. சீகன்பால்கு போன்ற பட்டப்பெயரோ ஓர் ஆளைப் பற்றி ஓரூரார் கூறிய சொல். அத்தகைய பெயர் பலவிடத்துத் தனித்தனியே பிறத்தல் அரிது. ஒரு குடியினின்றோ சில குடிகளினின்றோ கிளைத்துப் பரவுதலே அதற்கு இயல்பு. தோல் பதனிடுவோர் அனைவரும் இப்பெயர் பெற்றிலர். அவர்க்குரிய நேரான தொழிற்பெயரே பலர்க்கு ஆயிற்று.

அரிய பெயர் தேய்ந்து மறைதற்கும் ஒரு கணக்குண்டு. மகன் வழியே பெயர் செல்லும் முறையில், மகனில்லாக் கிளையில் பெயர் நின்றுவிடும். பெரும்பெயர்க்கு ஒரு கிளை பட்டுப்போயினும் ஆயிரங்கிளைகள் உள. அரும்பெயர்க்கோ சில தலைமுறைகளே முடிவாகலாம். பிரான்சிசு கால்டனும் என்றி வில்லியம் வாட்சனும் 19ஆம் நூற்றாண்டின் எழுபதுகளில் குடிப்பெயர் மறைவை நிகழ்தகவுக் கணக்காக வகுத்தனர். அக்கணக்கு பின்னர் உயிரியலிலும் அணுவியலிலும் கையாளப்பட்டது.

சட்டமும் பெயரின் வாழ்வை ஆள்வது. 1876 சனவரி முதல் நாள் செருமானியப் பேரரசு முழுவதும் நடைமுறைக்கு வந்த அரசுப் பிறப்பிறப்புப் பதிவு, அதுகாறும் எழுதுவோர் கைக்கேற்ப மாறிய பெயரெழுத்தைப் பெரிதும் நிலைப்படுத்தியது. 1900இல் நடைமுறைக்கு வந்த உரிமையியற் சட்டம் மனைவி கணவன் குடிப்பெயரை ஏற்றல் வேண்டுமென விதித்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் மனைவியின் பெயரையும் குடும்பப்பெயராகத் தெரிந்துகொள்ள இடந்தந்தது. தெரிந்துகொள்ளாவிடின் கணவன் பெயரே ஆகும் என்ற விதியை அரசியலமைப்பு நீதிமன்றம் 1991இல் நீக்கியது. இருவர் பெயரையும் இணைத்து இரட்டைப்பெயராகத் தாங்கும் உரிமை 2025 மே முதல் நாள் தொட்டு விரிவாயிற்று. அரும்பெயர்கள் பெண்வழியாகவும் நிலைத்தற்கு இவை வழிவகுக்கின்றன.

8. பெயரும் பெயருடையாரும்

இனி, பெயர் கொண்டு பெயருடையாரை விளக்கலாமா என்பது வினா. கூடாது என்பதே விடை. பார்த்தலோமேயு சீகன்பால்கின் தந்தை தோல் தொழிலர் அல்லர்; அவர் கூலவாணிகர். மகனுக்குற்ற இயற்பெயரும் குடிப்பெயருமே தந்தைக்கும் இருந்தன. தாய் பிறந்த குடியின் பெயர் புரூக்னர். அது பாலத்தருகே குடியிருந்தோன் எனப் பொருள்படுவது. 1716இல் அவர் மணந்த மரியா தொரோத்தேயா பிறந்த குடியின் பெயர் சால்ட்சுமன். உப்புத் தொழிலரைக் குறிப்பது, நம் உமணர் போல. ஆயின் பாலமும் உப்பும் தோலும் இவர்கள் வாழ்வில் இடம்பெற்றதற்குப் பெயர் சான்றாகாது. அவை பன்னூறாண்டுகட்கு முற்பட்ட முன்னோர் ஒருவரின் நிழல்கள்.

பெயரிலிருந்து கதை பிறத்தல் நமக்குப் புதிதன்று. சீத்தலைச் சாத்தனார் பிழைபட்ட செய்யுளைக் கேட்குந்தோறும் எழுத்தாணியால் தலையிற் குத்திக்கொண்டமையின் சீழ்பட்ட தலையராயினார் எனக் கதை எழுந்தது. சீத்தலை என்பது ஊர்ப்பெயர் என ஆராய்ந்தோர் காட்டிய பின்னரும் அக்கதை முற்றும் ஒழிந்திலது. அதுபோன்றே, ஆட்டுத்தோல் என்னும் பெயர்க்குப் பணிவு, எளிமை, துறவு முதலிய உட்பொருள் கற்பித்துச் சீகன்பால்கின் வாழ்வோடு பிணைத்தல் சுவைதரலாம், வரலாறு ஆகாது.

இவர் தாமே பெயர்ப்பொருளில் நாட்டமுடையவர் என்பது நினையத்தக்கது. 1708இல் தாம் தொகுத்த தமிழ்ச் சுவடிகளை விளக்கி நூற்பட்டி வரைந்தார். 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களின் வழிமுறையைப் பெயர்களோடு விளக்கிச் செருமனில் எழுதினார். அந்நூல் 1867இலேயே வில்கெல்ம் கெர்மன் என்பவரால் சென்னையில் அச்சாயிற்று. 1716இல் அவருடைய தமிழிலக்கணம் இலத்தீனில் ஆலே நகரில் வெளிவந்தது. தமிழ்ப்பெயர்களின் பொருளைத் தம் நாட்டார்க்கு எடுத்துரைக்க முயன்றவர் பெயரை நாம் உருச்சிதையாது எழுதுதலும் பொருள்திரியாது உணர்தலும் கடமையாகும்.

9. முடிவு

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன இவை. சீகன்பால்கு என்பது ஒரே குடிப்பெயர், பிரித்தெழுதற்குரியதன்று. அதன் சொற்பொருள் வெள்ளாட்டுத் தோல். அது தோல் தொழிலோடு தொடர்புற்ற முன்னோர் ஒருவர்க்கு அன்மொழித்தொகையாய் எழுந்த பட்டப்பெயர் எனக் கோடல் பொருந்தும். முதலுறுப்பாகிய சொல்லின் நிலவழக்கு, அப்பெயர் நடு அல்லது கிழக்குச் செருமனியிற் பிறந்தமையைக் காட்டும். அதன் அருமை, பட்டப்பெயர்க்குரிய தனிப்பிறப்பால் வந்தது. தமிழ்ப் ‘பல்கு’ என்பதனோடு அதற்கு உறவில்லை.

நடைமுறையிற் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. ஆய்வேடுகளிலும் நூற்பட்டிகளிலும் இப்பெயர் ஒருவரிடத்துச் சகரத்தின்கீழும், ஒருவரிடத்து வடவெழுத்தின்கீழும், மற்றொருவரிடத்துப் பகரத்தின்கீழும் அமையின், ஒரே ஆசிரியர் மூவராகப் பிரிந்துபோவர். அவர் நூல்களைத் தேடும் மாணவர்க்குப் பாதி கிட்டாது ஒழியும். வழக்கூன்றிய ‘சீகன்பால்கு’ என்னும் வடிவையே கொண்டு, சகர ஈகாரத்தின்கீழ் ஒருசொல்லாகப் பதிவதே தக்கது. ஏனை வடிவங்களை அதற்கு வழிகாட்டும் குறிப்புகளாக அமைத்தல் போதும். பெயரைப் பிழையறப் பதிதல் சிறுபணியே. அப்பணி தவறின் அதன்மேற் கட்டப்படும் வரலாறும் வழுவும்.